மொட்டைமாடி மேளம்

ஏலேய், கதவைத் தொற. நான்தான். பயப்படாதே, ஒண்ணையும் தொட மாட்டேன், ஓரமா உக்காந்துக்கிடுறேன். அந்தச் சுத்துற நாற்காலி வேண்டாம்யா. போன தடவை தென்காசிப் பக்கம் பாத்து உக்காந்தவன், ஒரு தும்மலுக்கு எட்டயபுரம் பக்கம் திரும்பிட்டேன். இந்த அரிசி மூட்டை போதும்.

சுவரு பூராம் முட்டை அட்டையா? எத்தனை இருக்கும், எரநூறா? நாலு மாசமா நீ புரோட்டாக் கடை புரோட்டாக் கடையா அட்டை கேட்டு அலைஞ்சதைப் பாத்து, பேரன் கோழிப்பண்ணை வைக்கப் போறான்னு ஒங்க ஆச்சி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. சத்தம் வெளியே போகக் கூடாதுன்னு ஒட்டினியாம்ல. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு நீ போட்ட டம்டம் கீழ வீட்டு எருமைக்கே கேட்டுச்சு. அது காலையில பால் குடுக்கலேன்னு சண்டைக்கு வந்தாக. காயித அட்டைக்குச் சத்தத்தை மறிக்கிற கனம் ஏதுய்யா? கனத்த சுவரு மறிக்கும், சந்துவிடாத கதவு மறிக்கும். ஒன் கதவுக்கு அடியில பூனை போய் வருது.

இன்னொண்ணு கேக்கணும்னு நெனச்சேன். டிரம்மு பூராம் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்குன்னு சொல்றே. மைக்கே வைக்கலே. அப்புறம் எதுக்கு அட்டை? ஸ்பீக்கர்ல கேக்கும்போது ரூமு எதிரொலிக்கக் கூடாதுன்னா, அது நியாயம். அதுக்கு ஒங்க ஆச்சியோட கம்பளிப் போர்வையையும் பஞ்சு மெத்தையையும் களவாண்டு தொங்க விட்டிருக்கே பாரு, இந்த ரூம்ல ஒழுங்கா வேலை செய்யுற சாமான் அது ரெண்டுதான். ரெண்டுமே நீ காசு குடுத்து வாங்காதது.

எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுய்யா. ஒனக்கு மறந்திருக்கும், நானும் மேளக்காரன்தான். நாப்பது வருஷம் நையாண்டி மேளத்துல தவில் அடிச்சவன். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை, உருமி, தமுக்கு, முன்னால கரகம். சர்க்காரே என்னை 'நலிந்த கலைஞர்'னு எழுதிக் காயிதம் குடுத்திருக்கு. இந்த வீட்ல நலிஞ்சதுக்கு அத்தாட்சி வச்சிருக்கவன் நான் ஒருத்தன்தான். ஒனக்கும் வரும், அவசரப்படாதே, பாட்டு வெளியாகட்டும்.

"இனிமே டிரம்முக்கு ஆளே தேவையில்லை"ன்னு கூட்டாளிகிட்ட போன்ல அளந்தியே, அதைக் கேட்டுக்கிட்டுத்தான் படியில உக்காந்திருந்தேன். காது மந்தம்னு நான் சொன்னது ஒங்க ஆச்சிக்காக. ஆள் தேவையில்லையா? நீ ராத்திரியும் பகலும் கனாக் கண்டுக்கிட்டு இருக்கியே, சுப்பீரியர் டிரம்மர் 3, சுவீடன்காரன் டூன்ட்ராக் 2017-ல போட்டது, 230 ஜிபி. குதிரு நெறைய நெல்லு கொட்டுன மாதிரி 230 ஜிபி. அது என்ன நெல்லுன்னு யோசிச்சியா? பெல்ஜியத்துல கேலக்ஸின்னு ஒரு ஸ்டூடியோவுல, பெரிய மண்டபத்துல டிரம்மை வச்சு, ஜார்ஜ் மேசன்பர்க்னு பழம் தின்னு கொட்டை போட்ட சவுண்டு இஞ்சினியரு சுத்தி மைக்கை நட்டு வச்சு, ஒரு மனுசன் உக்காந்து ஒரே ஸ்நேரை மெதுவா, கொஞ்சம் மெதுவா, அதைவிடக் கொஞ்சம் ஓங்கின்னு அடிச்சிக்கிட்டே இருந்திருக்கான். அடிச்சு முடிச்சு அதிர்வு அடங்குற வரைக்கும் மூச்சு விடாம உக்காந்திருக்கான். பொறவு அடுத்த அடி. அந்தப் பொறுமையைத்தான் மூட்டை கட்டி விக்கிறாக. ஆள் இல்லாத மேளம்னு நீ சொல்றே. எனக்கு என்னமோ ஆள் தூங்காம இருந்த மேளமாத் தெரியுது.

இது நேத்து வந்த வித்தையும் இல்லே. 1980-ல ரோஜர் லின்னுன்னு ஒரு அமெரிக்காக்காரரு எல்எம்-1ன்னு ஒரு பெட்டி செஞ்சாரு. நெசமான டிரம்மு சத்தத்தைப் பதிஞ்சு வச்சு, பொத்தானை அமுக்குனா திருப்பிக் குடுக்குற முதல் டிரம் மெஷின் அதுதான். விலை கிட்டத்தட்ட 5000 டாலர். அவ்வளவு குடுத்து வாங்கியும் பெரிய சிம்பல் கெடையாது. சிம்பல் ரொம்ப நேரம் இழுத்துக் கேக்கும்ல, அதைப் பூராம் வச்சுக்க அந்தக் காலத்து மெமரி சில்லு கட்டுப்படியாகலே. 5000 டாலர் மேளத்துல ஜால்ரா இல்லே. நம்ம ஊர்ல ஜால்ரா மட்டும்தான் இலவசம்.

சரி, அந்த 230 ஜிபிக்காக ஆச்சி கம்மல் மேல கண்ணு வைக்காதே. ஒன் லேப்டாப்புல இருக்கது 8 ஜிபி ராம், தேஞ்ச ஹார்டு டிஸ்கு. பெரிய கிட்டைத் தொறந்தா அது மெமரியில ஏறுறதுக்குள்ள நான் டீக்கடைக்குப் போயிட்டு வந்துரலாம். முதல்ல எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி சத்தத்தையெல்லாம் அதுல போடு. அதுவரைக்கும் எம்டி பவர் டிரம் கிட்டுன்னு ஓசியில குடுக்கானே, அது போதும். ஒரு கிட்டு. ஒரே கிட்டு. அதை ஆறு மாசம் அடி. கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்த மாதிரி தினம் ஒரு கிட்டா எறக்கிப் பாத்துட்டு "ஸ்நேர் சரியில்லே தாத்தா"ங்கறே. நெட்ல யாரோ பூட்டை ஒடைச்சுப் போட்டதையும் எறக்குனியே, அந்தக் கதைக்குக் கடைசியில வாரேன்.

இப்ப இந்தப் பேடு இருக்குல்ல, பதினாறு சதுரம். இதைத் தட்டுனா சத்தம் பிந்தி வருதுன்னு, ஒன் கைதான் சரியில்லேன்னு நெனச்சு, மூணு வாரம் தொடையில தட்டிப் பழகுனே. தொடை கன்னிப்போச்சுன்னு ஆச்சி வேப்பெண்ணெய் தடவுனா. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். ஒன் விஷயத்துல தெரு நெசமாவே கோணல்.

பஃபர்னு ஒரு எண்ணு இருக்குல்ல, அதை எத்தனையில வச்சிருக்கே? 1024. நீயே படிச்சுக் காட்டுன கணக்குதான் இது. செகண்டுக்கு 44,100 துண்டாச் சத்தத்தை நறுக்குறான். 1024 துண்டு சேந்தாத்தான் வெளியே அனுப்புவேன்னு பெட்டி அடம்பிடிக்குது. நம்ம ஊரு மினிபஸ்ஸு மாதிரி, சீட்டு ரொம்புனாத்தான் எடுப்பான். 1024 துண்டுன்னா 23 மில்லி செகண்டு. இதென்ன கண்ணு சிமிட்டுற நேரம்கூட இல்லேயேன்னு தோணும். சத்தம் ஒரு மில்லி செகண்டுல ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல நடக்கும். அப்ப 23-க்கு எவ்வளவு? கிட்டத்தட்ட 26 அடி. பதினேழு முழம். நீ இங்க உக்காந்து தட்டுறே, டிரம்மு தெருமுக்குல நிக்குது.

இந்த 26 அடி எனக்கு நல்லாத் தெரியும். ஒரு கொடையில சப்பரம் திரும்புற எடத்துல கூட்டம் நெருக்கி, நாயனக்காரரு முன்னால போயிட்டாரு, நான் பின்னால மாட்டிக்கிட்டேன். அவரு வாசிக்கிறது எனக்கு வந்து சேர்றதுக்குள்ள கொஞ்சம் பிந்துது. அதைக் கேட்டு நான் அடிக்கிற அடி அவருக்குப் போய்ச் சேரும்போது இன்னும் பிந்துது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்துக் காத்து, தாளம் செக்கு மாடு மாதிரி படுத்துருச்சு. திரும்பிப் பாத்து மொறைச்சாரு பாரு, இன்னிக்கு வரைக்கும் அவரு பேரன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரலே.

அதனால, தட்டிப் பதியும்போது பஃபரை 128-க்கு எறக்கு. மூணு மில்லி செகண்டு, ரெண்டு முழம். தவிலுக்கும் காதுக்கும் உள்ள தூரம்தான். கம்ப்யூட்டர் கரகரன்னு மொனங்குச்சுன்னா 256 வை. தட்டி முடிச்சு, பதிஞ்சதையெல்லாம் சேத்து மிக்ஸ் பண்ணும்போது திரும்ப 1024-க்கு ஏத்திக்கோ, அப்பப் பிந்துனா யாருக்கு நட்டம்? விண்டோஸ்ல சத்தம் போறதுக்கு ஆசியோன்னு ஒரு குறுக்குவழி இருக்கு, ஒன் ஆடியோ பெட்டியோட வந்த டிரைவரை அதுல தேர்ந்தெடு. பெட்டி இல்லாதவன் ஆசியோ ஃபார் ஆல்னு ஓசியில கெடைக்கிறதைப் போட்டுக்கிடுவான். அப்புறம், காதுல வயரில்லாம ரெண்டு புளியங்கொட்டை சொருகியிருக்கியே, அதைக் கழட்டு. புளூடூத்துங்கறது பெரும்பாலும் 100 மில்லி செகண்டுக்கு மேல தானே தின்னுரும். நூறு அடி. அடுத்த தெருவுல டிரம்மு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டதா நெனச்சு, காதுல அதைச் சொருகிக்கிட்டு, "இன்னும் பிந்துது தாத்தா"ன்னு அழுதியே, அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ கேக்கலே, நானும் சொல்லலே.

தெரு நேராயிருச்சு. இனிமே கோணல்னா ஒன் கைதான்.

அடுத்து இந்த நெம்பர் விவகாரம். பேடு சத்தத்தை அனுப்பாது, நெம்பரைத்தான் அனுப்பும். 36-ன்னு வந்தா பாஸ் டிரம்மு, 38 ஸ்நேர், 42 மூடுன ஹைஹாட், 46 தொறந்த ஹைஹாட், 49 கிராஷ், 51 ரைடு. 1991-ல ஜெனரல் மிடின்னு உக்காந்து ஒத்துக்கிட்ட ஏற்பாடு. ஒத்துக்கிட்டதோட சரி, ஒவ்வொரு கம்பெனியும் தன் வீட்டுக்குத் தனிச் சாவி வச்சிருக்கான். அதுலயும் அந்த 36-ஐ ஒருத்தன் சி1-ங்கறான், இன்னொருத்தன் சி2-ங்கறான். ரெண்டும் ஒரே கட்டைதான். நம்ம ஊர்ல ஒருத்தருக்கே வீட்டுப் பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு, பட்டப் பேருன்னு மூணு இருக்குல்ல, அப்படி. பேரைப் பாக்காதே, நெம்பரைப் பாரு. பேடை ஒவ்வொண்ணாத் தட்டி, எது எங்க போகுதுன்னு ஒரு காயிதத்துல எழுதி, டிரம்மு பாக்கேஜ்ல இருக்க மேப்புல அதை ஒக்கார வச்சு, சேமிச்சு வச்சுரு. இல்லேன்னா பாஸை மிதிச்சேன்னு நெனச்சு 56-ஐ அமுக்குவே. 56-ன்னா மாட்டு மணி. கௌபெல்லுங்கறான். மாட்டு மணியை ஞாபகம் வச்சுக்கோ, பொறவு பேசுவோம்.

இப்ப நீ நேத்து போட்டுக் காட்டுன பாட்டுக்கு வாரேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்ல? ஒங்க அப்பன் பக்கத்துல இருந்தான், அதான். திரையில கோடு கோடா நிக்குதுல்ல, ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு வேகம்னு. ஒண்ணுல இருந்து 127 வரைக்கும். ஒன் பாட்டுல அத்தனையும் 127. தீப்பெட்டி ஆபீஸ்ல அடுக்குன குச்சி மாதிரி ஒரு மட்டமா நிக்குது. மெதுவா அடிச்சா ஒரு சத்தம், நடுத்தரமா அடிச்சா ஒரு சத்தம், ஓங்கி அடிச்சா ஒரு சத்தம்னு அந்தப் பெல்ஜியத்து ஆளு மாதிரி ஒருத்தன் பொழுதெல்லாம் ஒக்காந்து அடிச்சு வச்சான். நீ கடைசி அடியை மட்டும் எடுத்து ஆறு நிமிசத்துக்கு அடிச்சிருக்கே. குதிரு நெறைய நெல்லு வாங்கி, மேலாக்க ஒரு படி அளந்து பொங்கிட்டு, மிச்சத்தை எலிக்கு விட்ட கதை.

தவில்ல பத்து அடி விழுந்தா, ஓங்குன அடி ரெண்டுதான் இருக்கும். மிச்ச எட்டும் பேச்சுவாக்குல விழுறது. கூடு போட்ட விரல் வலந்தலையில சும்மா ஒரசிட்டுப் போறது, தொப்பியில பூவரசங்கம்பு தொட்டும் தொடாம நிக்கிறது. அந்த எட்டு இருக்கப்போய்த்தான் ரெண்டு நெஞ்சுல விழும். டிரம்முலயும் அதேதான். ஸ்நேர்ல ஓங்குன அடிக்கு நடுவுல கேக்குதா கேக்கலையான்னு விழுறதை கோஸ்ட்டு நோட்டுங்கறான், பேய் அடி. ஓங்குறது 110, 115-ன்னு மாத்தி மாத்தி வை. பேய் அடியை முப்பது, நாப்பதுல வை. ஹைஹாட்டை ஒண்ணு விட்டு ஒண்ணு தணி. 127-ஐ பாட்டு முடியுற எடத்துக்கு எடுத்து வச்சுக்கோ, அதுக்கு முன்னால தொடாதே. ஒரே வேகத்துல ஒரே அடியைத் திருப்பித் திருப்பிக் குடுத்தா மெஷின் கன்னு மாதிரி டடடடன்னு கேக்கும்னுதான், நல்ல பாக்கேஜ்ல ஒவ்வொரு வேகத்துக்கும் பல அடி பதிஞ்சு வச்சு, மாத்தி மாத்தி எடுத்துக் குடுக்குறான். ஆனா அவன் எத்தனை வித்தை பண்ணுனாலும், நீ 127-லயே நின்னா அவன் என்னய்யா பண்ணுவான்?

பேடுலயும் வேகத்துக்கு ஒரு வளைவு இருக்கு, வெலாசிட்டி கர்வ்னு. ஒன் விரலு நோஞ்சான் விரலு. மெதுவாத் தட்டுனா கேக்கலேன்னு அதைப் பூராம் மேல ஏத்தி வச்சிருக்கே, அதான் எல்லாம் ஓங்கியே விழுது. அதை எறக்கு. விரலு பழகும்.

இன்னொரு எடம். ரெண்டாவது சரணத்துக்கு முன்னால ஒரு உருட்டு உருட்டுறேல்ல, அங்க நிறுத்து. ஹைஹாட்டு ஓடுது, கிராஷ் விழுது, ஸ்நேர் விழுது, ரெண்டு டாம் விழுது, அஞ்சும் ஒரே நேரத்துல. ஏன்யா, அடிக்கிறது மனுசனா ராவணனா? டிரம்மருக்கு ரெண்டு கை, ரெண்டு காலு. கிராஷுக்குக் கை போனா ஹைஹாட்டுல அந்தக் கை இருக்காது. டாமை உருட்டும்போது ரெண்டு கையும் அங்கதான் இருக்கும். பாக்கிறவனுக்குக் கணக்குத் தெரியாது, ஆனா காது கணக்குப் பாக்கும். ஏதோ சரியில்லேன்னு மட்டும் சொல்லும். எழுதும்போது காத்துலயே ரெண்டு கையை வீசிப் பாரு. நீ கதவைச் சாத்திக்கிட்டுக் கையை வீசுறதைப் பாத்தா ஆச்சி சாமியாடிகிட்ட மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவா, அதுக்கு மட்டும் நான் பொறுப்பில்லே.

அடுத்தது குவான்டைஸ். பேரே வாயில நுழையலே. நீ தட்டுனதையெல்லாம் கட்டத்துக்குள்ள இழுத்து ஒக்கார வைக்கிற பொத்தான். நூத்துக்கு நூறு இழுத்து வச்சிருக்கே. தட்டும்போது நல்லாத்தான் தட்டுனே, நான் படியில இருந்து கேட்டேன். பொத்தானை அமுக்குனதும் பள்ளிக்கூடத்துல டிரில்லுக்கு நின்ன பிள்ளைக மாதிரி ஆயிருச்சு. அம்பது, அறுபது சதவீதம் இழு, ரொம்பத் தப்புனதை மட்டும் கையில நகத்து. ஸ்நேரை மட்டும் ஒரு மயிரிழை பிந்த வச்சுப் பாரு, ஒரு எட்டு, பத்து மில்லி செகண்டு. பாட்டு சாஞ்சு உக்காந்து கேக்குற மாதிரி ஆகும். இப்பத்தானே பிந்துறது குத்தம்னு சொன்னே, அதுக்குள்ள பிந்தச் சொல்றியேன்னு முழிக்காதே. பெட்டி பிந்துறது வேற, கை பிந்துறது வேற. மாப்பிள்ளை பிந்தி வந்தா பந்தல் பொறுக்கும், ஐயரு பிந்துனா பொறுக்காது.

வேகமும் அப்படித்தான். மொதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் 120-ஐ ஆணியடிச்சு வச்சிருக்கே. நாங்க கரகத்துக்கு அடிக்கிறப்ப ஆரம்பிச்ச வேகத்துலயா முடிப்போம்? ஆட்டம் ஏற ஏற மேளமும் ஏறும், பொறவு ஒரு எடத்துல சட்டுன்னு விட்டு எறங்கும். டெம்போ டிராக்குன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல பல்லவிக்கு ஒண்ணு ரெண்டு கூட்டிப் பாரு. 120, 121, 122. யாருக்கும் தெரியாது, காலு மட்டும் தெரிஞ்சுக்கிடும்.

பாக்கேஜுக்குள்ள மிக்ஸர் பக்கம் ஒண்ணு இருக்கே, அதையும் தொற. பாஸுக்குள்ள ஒரு மைக்கு, வெளியே ஒரு மைக்கு, ஸ்நேருக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, தலைக்கு மேல ஓவர்ஹெட்டு, தள்ளி ரூம் மைக்கு. நீ என்ன பண்ணியிருக்கே? ரூம் மைக்கை முழுசா ஏத்தி வச்சிருக்கே, பெருசாக் கேக்கணும்னு. டிரம்மு பெரிய மண்டபத்துல நின்னு முழங்குது. நீ பாடுறது ஆச்சி போர்வைக்குள்ள தலையை விட்டுப் பாடுனது. கேக்குறவனுக்கு எப்படி இருக்கும்? மேளம் கோயில்ல, பாடகன் காய்ச்சல்ல. ரூமை எறக்கு, ஒன் குரலுக்குக் கொஞ்சம் ரிவெர்ப் போட்டு ரெண்டையும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவா. பாஸ், ஸ்நேர், ஓவர்ஹெட்னு தனித்தனி டிராக்காப் பிரிச்சு வெளியே எடுத்துக்கோ, அப்பத்தான் ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கெடாது. மிக்ஸுக்கு வேற யாருக்காவது அனுப்புறதா இருந்தா ஆடியோவா மாத்தி அனுப்பு. அவன் வீட்லயும் இதே பாக்கேஜ் இருக்கணும்னு ஒண்ணும் தலையெழுத்தில்லே.

நடுவுல ஒண்ணு கேட்டே, ஞாபகம் இருக்கா? "தாத்தா, இந்தப் பாக்கேஜ்ல தவிலு இருக்கான்னு தேடுறேன், இல்லே. உருமியும் இல்லே"ன்னு. நான் பதில் சொல்லலே. வெத்தலை மென்னுக்கிட்டு இருந்தேன். கீழ பரண்ல பழைய கோணிக்குள்ள ஒரு தவில் இருக்குய்யா. பலாக்கட்டை. வாரு தளர்ந்திருக்கு, இழுத்துக் கட்டணும். ஸ்வீடன்ல இருந்து எறக்க வேண்டாம், ஏணி போட்டு எறக்கு.

செய்யுறதா இருந்தா அவுக செஞ்ச மாதிரியே செய். ஆறு வகை அடி எடுத்துக்குவோம், வலந்தலையில மூணு, தொப்பியில மூணு. ஒவ்வொண்ணையும் நாலு வேகத்துல, ஒவ்வொரு வேகத்துலயும் அஞ்சு தடவை. எத்தனை ஆச்சு? 120 அடி. ஒவ்வொரு அடியும் அடங்குற வரைக்கும் யாரும் இருமக் கூடாது, ஃபேன் ஓடக் கூடாது. 24 பிட்ல பதி. ஓங்குன அடி மேல போய் முட்டாம கொஞ்சம் எடம் விட்டு மைக்கை வை. ஒரே நாள்ல, ஒரே பொழுதுல முடிக்கணும். தோலு காத்துல ஈரம் ஏறுனா சுருதி எறங்கும், வெயில்ல முறுக்கும். பாதியைக் காலையிலயும் பாதியைச் சாயங்காலமும் பதிஞ்சேன்னா ரெண்டு தவிலாக் கேக்கும். அப்புறம் வெட்டி, பேரு வச்சு, டீசன்ட் சாம்ப்ளர்னு ஓசியில ஒண்ணு இருக்குல்ல, அதுல அடுக்கிரு.

உருமி மட்டும் அப்படி மாட்டாது. ஒரு பக்கம் அடி, மறுபக்கம் வளைஞ்ச குச்சியால தேச்சு இழுக்குற இழுப்பு. 'ஊம்'னு உறுமுறது அந்த இழுப்புதான். அதுக்கு ஆரம்பம் எது, முடிவு எதுன்னு கோடு போட முடியாது. ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு நீளம். அதை அடி அடியாப் பதியாதே, உருமிக்காரரைக் கூட்டிட்டு வந்து நாலு நிமிசம் வாசிக்கச் சொல்லி அப்படியே பதி, பாட்டை அதுக்குத் தக்கன போடு. அவருக்குச் சம்பளம் குடுக்கணும், சொல்லிட்டேன். பதிஞ்ச அன்னிக்கே குடுக்கணும். அந்த பெல்ஜியத்து டிரம்மருக்கு ஓசியிலயா அடிக்கச் சொன்னாக? எனக்கு வேண்டாம், எனக்குத்தான் நலிஞ்ச காசு வருதே. ரெண்டு பொட்டலம் வெத்தலை போதும்.

இப்ப அந்தப் பூட்டு ஒடைச்ச பாக்கேஜ் விஷயம். போன மாசம் நீ எறக்குன மறுநாளே, பாட்டுக்குள்ள மாட்டு மணி கேட்டுச்சுல்ல? தானா ஒரு டிராக்கு மொளைச்சு, அதுல மணி மணியா 56-ம் நெம்பரு. வைரஸ் புகுந்துருச்சுன்னு வெளறிப் போயி, லேப்டாப்பைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு ஓடுனே. அங்க இருந்தவரு ஒரு மணி நேரம் உத்துப் பாத்துட்டு, "பெரிய வைரஸ் தம்பி, கஷ்டப்பட்டு எடுத்தேன்"னு 500 ரூவா வாங்கிட்டாரு. நீயும் பயந்துபோயி அந்தத் திருட்டுப் பாக்கேஜை அழிச்சே. நல்ல காரியம். அடுத்தவன் உழைப்பை ஓசியில அமுக்குறவன் பாட்டை நாளைக்கு எவனாவது ஓசியில அமுக்குவான், அப்பத் தெரியும்.

அது வைரஸ் இல்லேய்யா. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்துச்சு, எனக்குத் தூக்கம் வரலே. நீ பேடு மேல தலை வச்சுத் தூங்கிட்டு இருந்தே. ஒன் தலையை மெதுவா நகத்தி வச்சுட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, அந்தச் செவப்புப் பொத்தானை அமுக்கி ஒரு நாலு ஆவர்த்தனம் தட்டுனேன். எல்லாம் மாட்டு மணியா விழுது, ஏன்னு தெரியலே. மேப்பு தப்புன்னு பொறவுதான் ஒன் பேச்சைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம். அந்தப் பாக்கேஜை நீ அழிக்கிற வரைக்கும் பொறுத்தேன்.

ஒண்ணாந்தேதி உதவித்தொகை வந்ததும் அந்த 500 ரூவாயைத் தந்துர்றேன். அதுக்குள்ள ஒங்க ஆச்சிக்குக் குளிரு ஆரம்பிச்சுருச்சு, அந்தக் கம்பளிப் போர்வையை மட்டும் இன்னிக்கே அவிழ்த்துக் குடு.